கேட்ட கை

கயிறு அவள் கையில்தான் இருந்தது.

எறியக் கூடாது.

உறைந்த ஏரியின் நடுவே பனி உடைந்த இடம் கறுத்துக் கிடந்தது. அந்தக் கறுப்புக்குள் அவள் அண்ணன் மார்பளவுத் தண்ணீரில் நின்றான். நின்றான் என்பதும் பொய். காலுக்குக் கீழே தரை இல்லை. முழங்கைகளை விளிம்பில் ஊன்றியிருந்தான். ஊன்றிய இடமெல்லாம் உடைந்து உடைந்து போனது.

கரையில் வேட்டைக்கு வந்தவர்கள் வரிசையாக நின்றார்கள். எல்லோர் இடுப்பிலும் கயிறு இருந்தது.

"தண்ணி எப்படிடா இருக்கு, தார்கோ?" என்று கத்தினான் ஹோர்கன். அண்ணனின் தோழன். இருவரும் ஒரே கரடியைக் குத்தி வளர்ந்தவர்கள்.

"உன் பொண்டாட்டி காய்ச்சுற கஞ்சியை விடச் சூடு. நீயும் வர்றியா?"

கரை சிரித்தது. ஹோர்கன் எல்லோரையும் விட உரக்கச் சிரித்தான். அவன் கை மட்டும் இடுப்புக் கயிற்றைப் பிடித்து முறுக்கிக்கொண்டே இருந்தது.

வாடையார் அப்படித்தான். வாடைக்காற்று பிறக்கும் இடத்தில் பிறந்தவர்கள். காயத்துக்கு அழமாட்டார்கள். சாகிறவனிடம் கேலி பேசுவார்கள். அதுதான் அவனுக்குச் செய்யும் மரியாதை.

கேட்டால்தான் கை கொடுப்பார்கள்.

கேட்டவருக்குப் பெயர் போய்விடும்.

கேளாமல் கை கொடுத்தாலும் போவது பிழைத்தவனின் பெயர்தான். பெயர் போனவரை யாரும் கூப்பிடமாட்டார்கள். தேவைப்பட்டால் சீழ்க்கை அடிப்பார்கள். நாய்க்கு அடிப்பதுபோல.

சித்தப்பாவை ஒருமுறை சித்தி அப்படித்தான் அவர் கேளாமலே தண்ணீரிலிருந்து இழுத்துப் போட்டாள். அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் நாய்க் கொட்டகையில் கிடந்தார். ஒருநாள் யாரோ அடித்த சீழ்க்கைக்கு, நாய்கள் எழும் முன்பே அவர் எழுந்து ஓடினார். பாதி வழியில்தான் அது அவருக்கே தெரிந்தது. அன்று மாலையே தோல் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பனிக்குள் நடந்து போனார்.

அண்ணனும் நடந்துவிடுவான். அவளுக்குத் தெரியும்.

கரையில் பனிவண்டி நாய்கள் வாரை இழுத்துக்கொண்டு ஊளையிட்டன. அண்ணன் தண்ணீருக்குள்ளிருந்தே உதட்டைக் குவித்தான். ஒரே சீழ்க்கை. நாய்கள் உட்கார்ந்தன. வேறு யார் வாய்க்கும் அடங்காதவை அவை.

"கேளேன், அண்ணா." அவள் குரல் உடைந்தது. "ஒரே ஒரு வார்த்தை."

"வீட்டுக்குப் போ, இவ்ரா. அம்மா தேடுவாங்க."

இவ்ரா என்றால் அவர்கள் பேச்சில் வெடிக்காத பனி. அவளுடைய முதல் வேட்டையில் அந்தப் பெயரை வைத்தவன் அவன்தான். வைத்த நாளிலிருந்து காரணமே இல்லாமல் கூப்பிட்டுக்கொண்டிருப்பான். இவ்ரா. என்ன? ஒண்ணுமில்ல, சும்மா.

"டேய், வரும்போது ரெண்டு மீன் பிடிச்சிட்டு வா!" என்றான் ஹோர்கன்.

பதில் வரவில்லை.

கரையில் ஒருவர், செத்தவனுக்குச் செய்வதுபோல, ஈட்டியைத் தலைகீழாகத் திருப்பி ஊன்றினார். பக்கத்தில் இருந்தவரும் திருப்பினார்.

அவள் கயிற்றின் ஒரு முனையை நாய்களின் வாரில் கட்டினாள். மறுமுனையோடு பனிமேல் இறங்கினாள்.

"எறிஞ்சிடாதே, இவ்ரா!" ஹோர்கன் அலறினான். "அவனைக் கொன்னுடுவே!"

அவள் எறியவில்லை. குப்புறப் படுத்து ஊர்ந்தாள். வயிற்றுக்குக் கீழே பனி நெரிந்தது. அவன் முகத்துக்கு எதிரே அவள் முகம் வந்தபோது அவள் இடுப்புக்குக் கீழே பனி விட்டுப்போனது. தண்ணீர் கத்திபோல் ஏறியது.

கரைக்குக் கேட்கும்படி சொன்னாள்.

"எனக்குப் பயமா இருக்கு. என்னைக் கரையில சேர்த்துவிடு. கேக்குறேன்."



கேட்டவருக்குக் கை மறுக்க வாடையாருக்கு உரிமை கிடையாது. சாகிறவனுக்கும் கிடையாது.

அவன் தலையை ஆட்டினான். வேண்டாம், வேண்டாம் என்று. கண்ணில் முதல்முறையாகப் பயம் இருந்தது.

"கேட்டாச்சு," என்றாள் மெல்ல.

அவன் கயிற்றை மணிக்கட்டில் சுற்றினான். மறுகையால் அவளை அணைத்துப் பிடித்தான். உதட்டைக் குவித்தான். அந்தச் சீழ்க்கை ஏரியின் அக்கரை வரை போய்த் திரும்பியது.

நாய்கள் எழுந்து இழுத்தன.

கரையில் அவனைக் கரடித்தோலில் சுற்றினார்கள். முதுகைத் தேய்த்தார்கள். தார்கோ, தார்கோ என்று ஆளாளுக்குக் கூப்பிட்டார்கள். திருப்பிய ஈட்டிகளை நேராக்கினார்கள்.

அவள் தன் கூந்தலைத் தானே பிழிந்தாள். ஹோர்கன் அவளைப் பார்த்து வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். தன் தோல் மேலங்கியைக் கழற்றி, அவள் பக்கம் பார்க்காமல், நாய்கள் படுத்திருந்த இடத்தில் போட்டுவிட்டுப் போனான்.

அவள் அதை எடுத்துப் போர்த்திக்கொண்டு நாய்களின் நடுவே உட்கார்ந்தாள்.

வண்டி கிளம்பும் நேரம். அண்ணன் அதில் ஏறி அமர்ந்தான். திரும்பினான். அவள் பெயரின் முதல் எழுத்துக்கு வாய் விரிந்தது.

ஹோர்கன் அவன் தோளில் கை வைத்தான்.

அண்ணன் உதட்டைக் குவித்தான்.

ஓசை வரவில்லை. வெறும் வெண்புகை.

மறுபடியும் குவித்தான்.

நாய்கள் காதை நிமிர்த்திக் காத்திருந்தன.

அவளும்.