தானாக ஓடும் இசக்கி

"இசக்கியைத் தூக்கிடலாம் சார்."

கூட வேலை பார்க்கும் டில்லிபாபு இப்படிச் சொன்னதும் தங்கமாரிக்குப் பகீரென்றது.

ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் கம்ப்யூட்டர் பிரிவு. தொழிற்சாலை கிளவுடுக்கு மாறுகிறது. இனி 'இமேஜ்' என்கிற ஒரே மூலப் பிரதியிலிருந்துதான் புது சர்வர்கள் எல்லாம் பிறக்கும். அதற்குள் எந்த மென்பொருளை வைப்பது, எதைக் கழிப்பது என்பதுதான் கூட்டத்தில் பேச்சு.

'இசக்கி' தங்கமாரி எழுதியது. எந்த லைனில் மெஷின் நின்றாலும் சூப்பர்வைசர் செல்போனுக்குச் செய்தி போய்விடும். காவல் காக்கிறதே என்று தன் சொந்த ஊரான ஆலங்குளத்துக் காவல் தெய்வத்தின் பெயரை வைத்திருந்தாள். அதைச் சர்வர் சர்வராக ஏற்றுவதுதான் அவளுடைய கான்ட்ராக்ட் வேலை. இமேஜுக்குள் இசக்கி போய்விட்டால் தானும் பர்மனென்ட் ஆகிவிடலாம் என்று கனவு கண்டுகொண்டிருந்தாள்.

"நல்லாத்தானேப்பா வேலை செய்யுது?" என்றார் மேனேஜர் நரசிம்மன்.

"எல்லா சர்வருக்கும் இன்னாத்துக்கு சார் வெயிட்டு? எங்க வேணுமோ அங்க மாரியே ஏத்திக்கட்டும். இப்ப அப்படித்தான நடக்குது?"

நரசிம்மன் தலையாட்டினார். போர்டில் இசக்கியின் மேல் கோடு விழுந்தது.

தண்டலத்தில் அவளுக்கு ரூம் பிடித்துக் கொடுத்தவன் டில்லிபாபு. அவன் மனைவி கங்கா மீன்குழம்பு வைத்தால் ஒரு டப்பா மாரிக்கு வந்துவிடும். கூடப்பிறந்தவனாக நினைத்தவனே குழி பறித்துவிட்டான்!

கேன்டீன் வாசலில் மறித்தாள். "ஏண்ணே, நான் மேல வந்துட்டா ஒங்களுக்கு என்ன கொள்ளை போவுது?"

"கத்தாத மாரி, எல்லாரும் பாத்துகினு கீறாங்க. ஷிப்டு முடியட்டும், சொல்றேன்."

"ஒண்ணும் சொல்லாண்டாம். இனி ஒங்கள அண்ணேன்னு கூப்பிட்டா நான் தங்கமாரியே இல்ல!"

நேராக நரசிம்மன் அறைக்குப் போனாள்.

"அவரு பொறாமையில சொல்லுதாரு சார். இசக்கி இமேஜுக்குள்ள இருந்தா யார் கையும் படாண்டாம், தானா ஓடும். இப்பவே செஞ்சு காட்டுதேன்."

செய்தும் காட்டினாள். புது சர்வர் எழுந்த கையோடு இசக்கியும் எழுந்துகொண்டது.

கண்ணாடிக்கு வெளியே நின்ற டில்லிபாபு, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினான். எரியட்டும் வயிறு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பிரமாதம்மா!" நரசிம்மன் எழுந்து கைகொடுத்தார். இமேஜில் இசக்கி ஏறியது. மாரிக்குக் கண் கலங்கியது.

அவர் அதே சிரிப்போடு போனை எடுத்து, கான்ட்ராக்டரை அழைத்தார்.

"இந்த மாசத்தோட தங்கமாரியை நிறுத்திக்கங்க. இனிமே எல்லாம் தானா ஓடும்."