இரண்டு ஃபண்டுகளும் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கும்

"இன்னைக்கு முடிவு பண்ணிடறேன் மேடம். உங்களை ரொம்ப இழுத்தடிச்சுட்டேன்" என்றபடி எங்கள் முதலீட்டு ஆலோசனை அலுவலகத்தில் என் எதிரில் உட்கார்ந்தார் லிஃப்ட் மெக்கானிக்.

எனக்குச் சுருக்கென்றது.

அவர் வரும் ஐந்தாவது செவ்வாய்க்கிழமை. மதியம் மூன்று மணி. வழக்கம்போல் சட்டை மாற்றி, தலைவாரி வந்திருந்தார். நகக்கண்ணில் மட்டும் கிரீஸ் போகவில்லை.

பக்கத்து மேஜை அக்கா கணினியிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "டீயை இப்பவே குடிச்சுடுடி. போன வாரம் ஈதான் குடிச்சுது."

முடிவு எடுத்துவிட்டால் அடுத்த செவ்வாய் அவர் வர ஒரு காரணமும் இல்லை. ஒரு மனிதர் எதிரில் உட்காரும் முக்கால் மணி நேரத்துக்காக வாரம் முழுக்கக் காத்திருக்கிறேன் என்று, முப்பத்தாறு வயதில் யாரிடம் போய்ச் சொல்வது?

இரண்டு ஃபண்டுகளையும் பற்றி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

"இது முழுக்கக் கடன் பத்திரம். மெதுவா ஏறும், இறங்கினாலும் கொஞ்சமா இறங்கும். அது கலவை. முக்கால் பங்கு பத்திரம், கால் பங்கு ஷேர். கொஞ்சம் கூடுதலா ஏறும். சந்தை சரிஞ்சா கூடவே சரியும்."

"சரியும்னா? அரை மாடியா, பத்து மாடியா?"

"பத்து மாடிக் கட்டடம்னு வைங்க. சாதாரணமா இது அரை மாடி இறங்கலாம், அது ஒரு மாடி. ஆனா உத்தரவாதம்னு எதுக்கும் கிடையாது."

"நடுவுல நின்னுட்டா?"

"பதறாம உள்ளேயே இருக்கணும். கதவை நெம்பிட்டு வெளிய குதிக்கிறவங்களுக்குத்தான் அடி."

"அட, எங்க கம்பெனி பாடத்தை எனக்கே நடத்தறீங்களே!"

அவர் சிரித்த சிரிப்பில் அக்காவின் தலையே நிமிர்ந்துவிட்டது.

நோட்டை விரித்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். ஏற்கெனவே நான்கு பக்கங்களில் எழுதியிருந்த அதே விஷயம்.

எழுதி முடித்ததும் பேனாவை மூடினார். மூடிய பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ..." என்று இழுத்தார்.

"அவசரப்படாதீங்க" என்றேன். குரல் சற்று உயர்ந்துவிட்டது. "தங்கத்துல போடற ஃபண்ட் ஒண்ணு இருக்கு. அதைப் பத்தி நாம பேசவே இல்லையே."

அவர் முகத்தில் விளக்குப் போட்டதுபோல் இருந்தது.

"ஆமா, அது வேற இருக்குல்ல! அதைக் கேக்காம எப்படி முடிவு பண்றது? அடுத்த செவ்வாய் வரட்டுமா?"

"மூணு மணிக்கு" என்றேன்.

அவர் படியிறங்கும் சத்தம் தேய்ந்த பிறகு, அவருக்குத் தெரியாதபடி சாய்த்து வைத்திருந்த கணினித் திரையை நேராக்கினேன். அதில் அவருடைய கணக்கு திறந்திருந்தது.

கடன் பத்திர ஃபண்டில் பாதி, கலவை ஃபண்டில் பாதி. முதல் செவ்வாயன்று சாயங்காலமே, வீட்டில் இருந்தபடி அவரே போட்டு முடித்திருந்தார்.

இரண்டாவது வாரமே அதை நான் பார்த்துவிட்டேன்.