தண்ணித் தாங்கியடி சிக்னல்

“இப்ப ஈக்கிற சிம்ல என்ன சேர் பிரச்சினை? கோல் தெளிவில்லையா?” என்று கேட்டான் கண்டி டவுனில் ஃபோன் கடை வைத்திருக்கும் ஷிராஸ்.

“நல்ல தெளிவு. வீட்டில எந்த மூலையில நிண்டாலும் கேக்குது,” என்று சலித்துக்கொண்டான் நிமலன்.

“பின்ன எதுக்கு இந்தப் புதுக் கம்பனி சிம்? ஒங்கட குண்டசாலைப் பக்கம் வீட்டுக்குள்ள சிக்னலே இல்ல சேர். மேட்டுல தண்ணித் தாங்கியடிக்குப் போனாத்தான் கதைக்கலாம்.”

“அதுதான் தம்பி வேணும். எனக்கு ஒண்டு, மனுசிக்கு ஒண்டு.”

ஷிராஸ் தலையைச் சொறிந்தான். “போன கிழமையும் குண்டசாலை ஆள் ஒருத்தர் இதே சிம்ல ரெண்டு வாங்கினார். ஒங்கட பக்கத்து ஆக்களுக்கு என்ன சேர் நடந்திருக்கு?”

நிமலனுக்குக் கல்யாணமாகி ஒரு மாதம்தான். யுத்தத்துக்குப் பயந்து வந்த யாழ்ப்பாணத்துச் சொந்தமெல்லாம் அவன் வீட்டில்தான் படுத்து எழும்பியது. புதுமனைவியோடு தனியே இரண்டு வார்த்தை பேச ஒரு மூலை கிடையாது.

அன்று பின்னேரம், “வீட்டில சிக்னல் இல்லை. ஒரு கோல் கதைச்சிட்டு வாறம்!” என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, நிமலனும் மனைவி துஷ்யந்தியும் சிரிப்பை அடக்கியபடி மேட்டில் ஏறினார்கள்.

தாங்கிக்குப் பின்னால் ஏற்கெனவே யாரோ கிளுகிளுவென்று சிரிக்கும் சத்தம் கேட்டது. நிமலன் எட்டிப் பார்த்தான்.

அவனுடைய அப்பா! அவர் தோளில் சாய்ந்தபடி அம்மா!

மகனைக் கண்டதும் அப்பா பதறிப்போய் ஃபோனைத் தலைகீழாகக் காதில் வைத்துக்கொண்டு கத்தினார்.

“ஹலோ... ஹலோ... ஓமோம், வீட்டுக்குள்ள சிக்னலே இல்லை!”