அளவு வராத ஸ்கேன்

“படம் மட்டும்தான் வந்திருக்கு. அளவெல்லாம் எங்கேய்யா?” என்று செங்கல்பட்டிலிருந்து டாக்டர் மூன்றாவது முறையாகப் போனில் கத்தினார்.

மாமல்லபுரம் ஸ்கேன் சென்டரில் சேர்ந்து ஒரு வாரமே ஆன சுதாகர், மவுஸைப் பிடித்தபடி விழித்தான். அதே கம்ப்யூட்டரோடு ஆறு வருஷம் மல்லுக்கட்டிய ரேணுகாவுக்கு எரிச்சல் பொங்கியது.

“இன்னா சுதாகர், எக்ஸ்போர்ட்ல போனியா இல்லியா?”

“போனேன்க்கா. திரும்பத் திரும்பப் படம்தான் போவுது.”

“வெறும் படத்த வெச்சிகினு அவரு இன்னா பண்ணுவாரு? கொயந்த வளர்ச்சி கம்மியா கீதுன்னு போன மாசமே சொன்னாரு. அளவ வெச்சி எடை தெரிஞ்சாதான் இன்னிக்கி ஆஸ்பத்திரில சேக்கணுமா, வேணாமான்னு சொல்லுவாரு. கீழ ‘ரிசல்ட்’னு ஒரு கட்டம் கீது பாரு, அதுல டிக் போட்டு அனுப்பு!”

“ஒரே பேஜாருக்கா இது... ஆங், போயிடுச்சி!”

ஐந்து நிமிஷத்தில் டாக்டர் மறுபடி அழைத்தார். பேசி முடித்துத் திரும்பிய சுதாகரின் முகம் மலர்ந்திருந்தது.

“எடை நல்லா ஏறிகீதாம். பயப்பட ஒண்ணுமில்ல, வூட்டுக்கே போவலாம்னு சொல்லிட்டாருக்கா.”

கண் கலங்கத் தலையாட்டிய ரேணுகா, தன் வயிற்றில் காய்ந்துபோயிருந்த ஜெல்லைத் துடைத்துக்கொண்டு, ஸ்கேன் கட்டிலிலிருந்து மெல்ல இறங்கினாள்.