தப்புக்கு ஏத்த வார்த்தை

"‘மிஸ்டேக்’னு போட்டா எத்தனை வருஷம் உள்ள இருக்கணும் தங்கச்சி?"

டைப் அடித்துக்கொண்டிருந்தவளின் விரல்கள் அப்படியே நின்றன. தமிழில் எழுதிக்கொண்டு வருவதை இங்கிலீஷாக்கி டைப் செய்து தருவது அவள் தொழில். தெருவில் அவளுக்கு ‘டிக்‌ஷனரி அக்கா’ என்றே பேர். கடை வைத்த பதினோரு வருஷத்தில் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை.

எதிரே இருந்தவர் லிஃப்ட் மெக்கானிக். நீலச் சட்டை, ஒட்டிய கன்னம். அவர் கொடுத்த தாளில் நாலைந்து வரிதான் இருந்தது. நாலாவது மாடியில் ரிப்பேருக்காக லிஃப்ட் கதவைத் திறந்து வைத்திருந்தேன். என்னைப் பார்க்க வந்த என் மனைவி, லிஃப்ட் நிற்கிறது என்று நினைத்துக் காலை வைத்துவிட்டாள். உள்ளே லிஃப்ட் இல்லை. விழுந்து இறந்துபோனாள். என் தப்பு.

படித்து முடித்தவள் தாளைக் கீழே வைத்தாள். "ஐயோ! எப்பண்ணே நடந்துச்சு?"

"தேதி, இடம் ரெண்டையும் கோடு போட்டு விட்டுடு. நானே எழுதிக்கறேன். வார்த்தையை மட்டும் சரியாப் போடு. போலீசுக்கும் கம்பெனிக்கும் குடுக்கணும். பொண்ணு ஒம்பதாவது படிக்கிறா. நான் உள்ள போயிட்டா அவளுக்கு நாதி இல்ல."

டிக்‌ஷனரி அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். வார்த்தை என்று வந்துவிட்டால் அவளுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

"இங்கிலீஷ்ல தப்புக்கு ஏகப்பட்ட வார்த்தை இருக்குண்ணே. ‘எரர்’னா கணக்குல, மெஷின்ல வர்றது. ‘மிஸ்டேக்’ மனுஷன் எல்லாரும் பண்றது. ‘ஃபால்ட்’னு போட்டா பழி உங்க தலையில விடியும். ‘நெக்லிஜென்ஸ்’ வேண்டவே வேண்டாம். தெரிஞ்சும் அலட்சியமா இருந்தீங்கன்னு ஆயிடும். அது ஆளை உள்ள தள்ளிடும்."

"தள்ளாத வார்த்தை எது?"

"‘ஓவர்சைட்’. எல்லா ஜாக்கிரதையும் எடுத்தும், ஒண்ணே ஒண்ணு கண்ணுல படாம போயிடுச்சுன்னு அர்த்தம்."

"அது வேணும்."

"வேணும்னா மட்டும் போதுமா? லெட்டர் அதுக்குத் தோதா இருக்கணுமே! எச்சரிக்கை போர்டு வெச்சிருந்தீங்களா?"

"வெச்சாத்தான் அந்த வார்த்தை வருமா?"

"ஆமாண்ணே."

"அப்ப வெச்சதா எழுது."

பொய் என்று அவளுக்குப் புரிந்தது. ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணுகிற உலகத்தில், தாயில்லாப் பிள்ளைக்காக ஒரு பொய் எம்மாத்திரம் என்று டைப் அடித்தாள்.

"பக்கத்துல யாராவது இருந்தாங்களா?"

"இருந்தா நல்லதா, இல்லாட்டி நல்லதா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நீங்களே அந்த இடத்துல இல்லேன்னா இன்னும் பலம். அதுக்கு ஒரு சாட்சியும் இருந்தா கேட்கவே வேண்டாம்."

"ஸ்க்ரூ வாங்கக் கடைக்குப் போயிருந்தேன்னு போடு. கடைக்காரன் சொல்லுவான்."

சொல்லிவிட்டு அவர் பேனாவை எடுத்து இடது உள்ளங்கையில் பொடி எழுத்தில் குறித்துக்கொண்டார். போர்டு. ஸ்க்ரூ கடை. பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி அவர் உதடுகள் அதை முணுமுணுத்தன. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர் கண்ணில் ஒரு பொட்டு ஈரமில்லையே! அழுது அழுது வற்றிப்போயிருக்கும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

"எத்தனை மணிக்குண்ணே?"

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "நாலுன்னு போடு."

"பாவம், விழும்போது ஏதாவது சத்தம் போட்டாங்களா?"

முதல் தடவையாக அவர் தயங்கினார். "எனக்கு எப்படித் தெரியும் தங்கச்சி? நான்தான் அங்க இல்லையே."

லெட்டரை எடுத்துக் கொடுத்ததும் ‘ஓவர்சைட்’ மேல் விரலை வைத்து, எப்படிச் சொல்வது என்று இரண்டு முறை கேட்டுச் சொல்லிப் பார்த்தார். தான் கொண்டுவந்த தாளையும் மறக்காமல் மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, அவசரமாகக் கிளம்பிப் போனார்.

டிக்‌ஷனரி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரு பெண்ணுக்கு அப்பனையாவது மிச்சம் வைத்தோமே என்று ஒரு நிறைவு. அந்த வார்த்தை வேறு யாருக்குத் தோன்றியிருக்கும்?

கதவு மறுபடி திறந்தது. வெயிலில் வேர்த்து விறுவிறுத்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

"இப்ப இங்கேயிருந்து போனது எங்க வீட்டுக்காரர்தானே? கை தட்டிக் கூப்பிட்டேன். காதுலயே விழலை அவருக்கு."

டிக்‌ஷனரி அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "நீங்க... அவருக்கு?"

"சம்சாரம்மா. பதினாறு வருஷமாச்சு." அவள் வெட்கத்தோடு சிரித்தாள். "ஒரு நாளும் வேலை பாக்கற இடத்துக்குக் கூப்பிட்டதில்லை. இன்னைக்கு அதிசயமா நாலு மணிக்கு வரச் சொல்லியிருக்கார். மூலையில பெரிய கட்டடமாமே, இப்படியே போகணுமா? நாலாவது மாடி வரைக்கும் படியேறி, அங்கேயிருந்து லிஃப்ட்ல வரணுமாம்."

டிக்‌ஷனரி அக்கா பாய்ந்து அவள் கையைப் பிடித்தாள். வியர்வையில் நனைந்த, சூடான, உயிருள்ள கை.

"என்னம்மா, கையை இப்படி இறுக்கிப் பிடிக்கறீங்க? லிஃப்டுன்னா உங்களுக்கும் பயமா? எனக்கும்தான். அதனாலதான் அவர் முன்கூட்டியே சொல்லிட்டார், உள்ள இருட்டாத்தான் இருக்கும், யோசிக்காம காலை எடுத்து வைன்னு!"