அட்மின் சொல்லாத காரணம்

பௌர்ணமிக்கு மறுநாள் காலை, கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் பொம்மைக்கடை வைத்திருக்கும் ஜாஹிரா கடை திறக்க வந்தபோது வாசலில் ஒருவன் சுருண்டு கிடந்தான். முப்பது வயசு இருக்கும். பேர் கேட்டாள், சிரித்தான். ஊர் கேட்டாள், அதற்கும் சிரித்தான்.

டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்துவிட்டு, திருவண்ணாமலைக்காரர்கள் எல்லோரும் இருக்கும் ஃபேஸ்புக் குரூப்பில் அவன் போட்டோவைப் போட்டாள். 'இவரைத் தெரிஞ்சவங்க உடனே வாங்க.'

கொஞ்ச நேரத்தில் பதிவைக் காணோம். மறுபடி போட்டாள். இந்தத் தடவை அவளையே குரூப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

அட்மின் குமரேசனின் நம்பரை விசாரித்து வாங்கிக் கூப்பிட்டாள்.

"ஏன் சார் எடுத்தீங்க?"

"ரூல்ஸ்மா."

"எந்த ரூல்ஸ்? காரணம் சொல்லுங்க."

"ஒவ்வொருத்தருக்கா காரணம் சொல்லிட்டிருந்தா குரூப் நடத்த முடியாது." போனை வைத்துவிட்டான்.

ஜாஹிராவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஆளை நேரில் பார்த்தாலாவது மனசு இளகாதா என்று, அந்த வாயில்லாப் பிள்ளையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு விலாசம் விசாரித்து, வேங்கிக்காலில் இருந்த அட்மின் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டினாள்.

குமரேசன் திறந்தான். திறந்தவனுக்கு முகம் வெளிறிவிட்டது.

அதுவரை ஒரு வார்த்தை பேசாதவன், "அண்ணா!" என்று ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டான்.

அந்தக் குரல் கேட்டதும், வாசலில் வேறு யாரோ நிற்பது தெரியாமல், சமையலறையிலிருந்து குமரேசனின் மனைவி கத்தினாள்:

"இன்னும் தூரமா கொண்டுபோய் விடுங்கன்னு அப்பவே சொன்னேன், கேட்டீங்களா?"