மூன்றாவது ஆஸ்பத்திரி

"பொருந்தலைன்னு எழுதிடுங்க மேடம். வேற எதுவும் கேக்கல."

வந்து உட்கார்ந்ததும் உட்காராததுமாக அவர் அப்படிச் சொன்னதில் அவளுக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. உறுப்பு மாற்றுப் பிரிவில் பதினோரு வருடமாக ஆலோசகராக இருக்கிறாள். சிறுநீரகம் கொடுக்க வருகிறவர்களிடம் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பேசுவதுதான் அவள் வேலை. வெளியே வீராப்பாகப் பேசிவிட்டு, இந்த அறைக்குள் வந்ததும் ஜகா வாங்கியவர்கள் எத்தனையோ பேர்.

மேசையில் லேபிலிருந்து வந்த துண்டுச்சீட்டு கிடந்தது. 'அண்ணன், தங்கை. முழுப் பொருத்தம்.' ஃபைல் இன்னும் மாடிக்கு வரவில்லை. "கிட்னி கொடுக்கறவங்க உள்ள வாங்க" என்று குரல் கொடுத்ததும் எழுந்து வந்தவர் இந்த அண்ணன்தான். லிஃப்ட் மெக்கானிக். கொளுத்துகிற வெயிலிலும் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டு மூடியிருந்தார்.

"தண்ணி குடிங்க."

உதட்டை மட்டும் நனைத்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். பயத்தில் தொண்டைக்குள் இறங்கவில்லை போலும்.

"ஆபரேஷன்னா பயமா?"

"பயம்தான் மேடம். மறைக்கறதுக்கு என்ன இருக்கு."

"வீட்டுல யாராவது கட்டாயப்படுத்தறாங்களா?"

"எல்லாரும்தான். தங்கச்சிதான் ரொம்ப. ஒத்தக்கால்ல நிக்கறா."

உயிருக்குப் போராடுகிறவள் வேறு என்ன செய்வாள் என்று நினைத்துக்கொண்டாள்.

"அவங்களுக்குக் கொழந்தைங்க இருக்காங்களா?"

"ஒண்ணு. நாலு வயசு. அம்மாவ விட்டு அஞ்சு நிமிஷம் இருக்காது."

"உங்கள விட்டா கிட்னி தர வேற யாராவது?"

"யாரும் இல்ல."

"அப்ப டயாலிசிஸ்லயே எத்தனை நாள் ஓட்ட முடியும்னு தெரியுமில்ல?"

"தெரியும் மேடம். ஓடற வரைக்கும் ஓடட்டும்."

"மனசே வரலையா?"

"சுத்தமா வரல."

அண்ணனாம் அண்ணன். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் மனமில்லாதவரை இழுத்துப்போட்டு அறுக்க முடியாது. அவரைச் சொந்தக்காரர்களிடம் காட்டிக்கொடுக்கவும் கூடாது. அதற்காகவே இந்தப் பிரிவில் ஒரு பொய்க்கு மட்டும் அனுமதி உண்டு.

"சரி, விடுங்க. வெளியில நாங்க..."

"பொருந்தலைன்னு மட்டும் சொல்வீங்க. காரணம் சொல்ல மாட்டீங்க. தெரியும் மேடம்."

எப்படித் தெரியும் என்று அவள் கேட்பதற்குள் அவர் கும்பிட்டுவிட்டு எழுந்தார். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து போனார். மனசாட்சி உறுத்தினால் காலும் தள்ளாடும் என்று எண்ணியபடி அவள் பதிவேட்டைத் திறந்து, 'பொருந்தவில்லை' என்று எழுதினாள்.

கையெழுத்துப் போடுமுன் கதவு திறந்தது. ஓர் இளம்பெண் மூச்சிரைக்க நின்றாள்.

"மன்னிச்சுக்கங்க மேடம். கொழந்தைய அதோட அப்பாகிட்ட விட்டுட்டு வர நேரமாயிடுச்சு. எங்கண்ணனுக்குக் கிட்னி குடுக்கறது நான்தான்."

ஆலோசகரின் பார்வை டம்ளர் மேல் போனது. நிறைய நிறைய அப்படியே இருந்தது. சொட்டுச் சொட்டாக அளந்து குடிக்க வேண்டிய நோயாளிக்குத்தான் தண்ணீரை நீட்டியிருக்கிறாள். டயாலிசிஸ் ஊசி ஏறி ஏறிப் புடைத்த கையைத்தான் அந்தச் சட்டை மறைத்திருந்தது. இதுவரை இந்த அறையில் அந்தப் பொய்யைக் கேட்டவர்கள் எல்லாருமே தங்கள் சிறுநீரகத்தைக் காப்பாற்றிக்கொள்ளக் கேட்டவர்கள்.

எழுதியதை அழுத்தி அடித்தாள்.

"இங்கயாவது பொருந்துதா மேடம்?" என்றாள் அந்தப் பெண், கண்ணில் உயிரை வைத்துக்கொண்டு. "இதுக்கு முன்னாடி பாத்த ரெண்டு ஆஸ்பத்திரியிலயும் பொருந்தலைன்னுட்டாங்க."